இதய ஆய்வுக்கு அரை மாரத்தான்: தொண்டு இடமா, சொந்த இடமா, ஓடாமலே கொடுப்பதா?

பிரிட்டனில் இதய ஆய்வுக்குப் பணம் திரட்ட அரை மாரத்தான் ஓடுவது என்று முடிவெடுத்தவர்கள் பதிவுப் பக்கத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், லீட்ஸிலிருந்து இயங்கும் ஹார்ட் ரிசர்ச் யூகே போன்ற அமைப்புகள் தரும் ‘தொண்டு இடத்தை’ எடுத்துக்கொண்டு, இத்தனை பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்வதா? சொந்தக் காசில் நுழைவு வாங்கி, முடிந்ததைத் திரட்டுவதா? எந்தப் போட்டியிலும் சேராமல் பக்கத்துப் பூங்காவில் 21.1 கிலோமீட்டரைத் தனியே ஓடி முடிப்பதா? ஓட்டத்தையே விட்டுவிட்டுச் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடுவதா?

நான்கும் நல்ல வழிகள்தான். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. பொருந்தாததைப் பிடித்துக்கொண்டால், கொடுத்தவர்களின் பணத்தில் கணிசமான பங்கு ஓட்டத்தின் செலவுக்கே போய்விடும். இல்லாவிட்டால் முழங்கால் வலியோடு, எட்டாத இலக்கை நினைத்து இரவெல்லாம் கவலைப்பட வேண்டியிருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஆய்வுக்குப் போய்ச் சேரும் நிகரத் தொகை. உங்கள் நிதி திரட்டும் இணையப் பக்கத்தில் தெரியும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். நுழைவு இடத்தின் விலை, அந்த இணையத் தளத்தின் கட்டணம் எல்லாம் கழிந்து, கொடைக்கு மேல் அரசு சேர்த்துத் தரும் கிஃப்ட் எயிட் சேர்ந்து மிஞ்சுவதுதான் கணக்கு.

வாக்குறுதியின் சுமை. காயம் பட்டாலும், வேலை பறிபோனாலும் அந்தத் தொகையைத் தந்தே ஆக வேண்டுமா?

யாரிடம் கேட்கப் போகிறீர்கள். பெயர் எழுதிப் பாருங்கள். அலுவலகம், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, கோயில், பழைய மாணவர் சங்கம், சொந்தபந்தம். கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய முப்பது பெயர் தேறுகிறதா, பத்துதானா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

உடம்பு. நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடக்கூடியவருக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும். நடையிலிருந்து தொடங்குபவருக்குக் குறைந்தது இருபது வாரம் வேண்டும்.

## தொண்டு இடம்

தொண்டு நிறுவனம் ஓட்ட அமைப்பாளரிடமிருந்து இடங்களை மொத்தமாக, முன்கூட்டியே, தன் காசில் வாங்கி வைக்கிறது. அதில் ஒன்றை உங்களுக்குத் தருகிறது. நீங்கள் சிறு பதிவுக் கட்டணம் கட்டி, ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்ட ஒப்புக்கொள்கிறீர்கள். பெரிய அரை மாரத்தான்களில் இந்த இலக்கு பெரும்பாலும் 300 முதல் 600 பவுண்டு வரை இருக்கும். லண்டனில் ஹைட் பார்க்கில் தொடங்கி அங்கேயே முடியும் ராயல் பார்க்ஸ், நியூகாசிலிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை போகும் கிரேட் நார்த் ரன் போன்றவற்றில் பொது இடங்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். குலுக்கலில் பெயர் வராதவருக்குத் தொண்டு இடம்தான் வழி. இதன் பெரிய பலமும் அதுதான்.

மறைந்திருக்கும் விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, இலக்கில் கிஃப்ட் எயிட் சேராது என்பதே பொதுவான விதி. 400 பவுண்டு என்றால் கொடையாளர்கள் கையிலிருந்து 400 வர வேண்டும். அரசு சேர்த்துத் தருவது அதற்கு மேல்தான். பலர் கிஃப்ட் எயிட்டையும் கூட்டி, இலக்கை எட்டிவிட்டோம் என்று நினைத்துக் கடைசி வாரத்தில் அதிர்ச்சி அடைகிறார்கள்.

இரண்டாவது, அந்த இடம் தொண்டு நிறுவனத்துக்கு இலவசமாக வந்ததல்ல. பொது நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருப்பதும் உண்டு. நீங்கள் இலக்கை மட்டும் எட்டி நின்றால் அதில் ஒரு பங்கு அந்தச் செலவை ஈடுகட்டவே போகும். இலக்குக்கு மேல் நீங்கள் திரட்டும் ஒவ்வொரு பவுண்டும்தான் ஏறக்குறைய முழுதாக ஆய்வுக்குப் போகிறது.

மூன்றாவது, விலகும் தேதி. குறிப்பிட்ட நாளுக்கு முன் சொன்னால் இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தருவார்கள். அதைத் தாண்டி விலகினால் இடம் வீண். திரட்டிய தொகையைத் தந்தே ஆக வேண்டும். சில அமைப்புகள் மீதி இலக்கையும் கேட்கும். ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி இது. கணுக்கால் வீங்கியிருக்கிறதே, இரண்டு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டுத் தேதியைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

யாருக்கு இது சரி? முப்பது, நாற்பது பேரிடம் தயங்காமல் கேட்கக்கூடியவருக்கு. கொடுத்த தொகைக்குச் சமமாகத் தானும் போடும் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு. தலைக்கு மேல் ஓர் இலக்கு இருந்தால்தான் ஓடுவேன் என்று தன்னை அறிந்தவருக்கு. கடைசிக் காரணத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டவர்கள் மழையிலும் வெளியே போகிறார்கள்.

## சொந்த இடம்

உள்ளூர் ஓட்டம் ஒன்றில் நேரடியாகவோ, பெரிய ஓட்டத்தின் குலுக்கலிலோ நுழைவு வாங்கி, அதன் பிறகு தொண்டு நிறுவனத்திடம் சொல்லி நிதிப்பக்கம் திறப்பது. கட்டாய இலக்கு கிடையாது. ஓட்டச் சட்டையைப் பெரும்பாலும் இலவசமாகவே அனுப்புவார்கள். கொடுத்த பணத்திலிருந்து இடத்துக்கென்று எதுவும் கழியாது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். முப்பது பேர் தலைக்கு 15 பவுண்டு கொடுக்கிறார்கள்: 450. அவர்களில் 24 பேர் கிஃப்ட் எயிட் கட்டத்தில் டிக் செய்தால் 90 சேரும். பணம் செலுத்தும் கட்டணமாக ஏறக்குறைய 15 போகும். மீதி 525. சொந்த இடமென்றால் இந்த 525 அப்படியே சேரும். உங்கள் கைச்செலவு நுழைவுக்கு 65 என்று வைத்துக்கொள்வோம். தொண்டு இடமென்றால், நிறுவனம் இடத்துக்கு 100 கொடுத்திருக்க, நீங்கள் பதிவுக்கு 30 கட்டியிருக்க, 70 கழிந்து 455தான் மிஞ்சும். கையிலிருந்து 35 பவுண்டு கூடுதலாகப் போட்டால் ஆய்வுக்கு 70 கூடுகிறது. இதனால்தான் இடம் கிடைக்கிற ஓட்டம் என்றால் சொந்த நுழைவே மேல் என்கிறோம்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் சந்தர்ப்பமும் உண்டு. இலக்கு இல்லாவிட்டால் 450இல் நின்றுவிடுவீர்கள், இலக்கு துரத்தினால் 600 வரை போவீர்கள் என்றால், தொண்டு இடத்தில் சுமார் 630 சேரும். அப்போது அதுவே சிறந்தது.

சொந்த இடத்தின் பலவீனம் சோம்பல். பக்கத்தைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டு இருந்துவிடுவது. திரட்டும் வேலைக்கும் பயிற்சியைப் போலவே வாரக்கணக்கு வேண்டும்.

முதல் மூன்று கொடைகளை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். லண்டன் மாரத்தான் ஓடியவர்களின் நிதிப்பக்கங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான பொருளியல் ஆய்வொன்றில், பக்கத்தில் முன்பு விழுந்த கொடைகளின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவர் சுமார் 2.50 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தது தெரிந்தது. ஆகவே பக்கத்தை ஊருக்குக் காட்டுமுன், நன்றாகக் கொடுக்கக்கூடிய அண்ணனையும் சித்தப்பாவையும் முதலில் போடச் சொல்லுங்கள். இங்கே பலருக்கும் சம்பளம் மாதக் கடைசியில் வரும். உங்கள் செய்தியும் அன்றைக்குப் போகட்டும். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சித் தூரம் குறைந்துவிடும். மிஞ்சும் மாலைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் செய்தி அனுப்பச் செலவிடுங்கள். குழுவில் போடும் பொதுச் செய்திக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக நினைப்பதில்லை.

பக்கத்தில் என்ன எழுதுவது? ‘நல்ல காரியம், உதவுங்கள்’ என்பதைவிட நம் ஆட்களைத் தொடும் உண்மை இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுப்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. லண்டன் சவுத்தாலிலும் பிரென்டிலும் 1988 முதல் 1991 வரை ஆட்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்த சேப்ரே ஆய்வு, இங்கே குடியேறிய தெற்காசியர்களின் இதயத்தையும் சர்க்கரை நோயையும் ஆராய்ந்தது. அதற்கு நிதி தந்தவர்களில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனும் ஒன்று. ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்த நான்கு வரி, பதக்கப் படத்தைவிட அதிகம் கேட்டுத் தரும்.

## பணம் கசியும் இடங்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடும் வழி எதுவானாலும் பணம் கசிவது இங்கேதான்.

கிஃப்ட் எயிட் என்பது, பிரிட்டனில் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்ப்பது. கொடுப்பவர் தன் சொந்தப் பணத்தைத் தந்திருக்க வேண்டும், போதிய வரியும் கட்டியிருக்க வேண்டும். வரி கட்டாத மாணவரோ ஓய்வூதியக்காரரோ டிக் செய்தால் அந்த வித்தியாசத்தை வரித்துறை அவரிடமே கேட்கலாம். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டொரான்டோவிலும் இருக்கும் உறவினர் தாராளமாகக் கொடுக்கலாம். இங்கே வரி கட்டாதவர் அந்தக் கட்டத்தைத் தொடக் கூடாது.

நம் வீடுகளில் பெரியவர்கள் கொடை தருவது பெரும்பாலும் கையில், நோட்டாக. அந்தப் பணத்தை உங்கள் அட்டையால் உங்கள் பக்கத்தில் போட்டு, உங்கள் பெயரில் கிஃப்ட் எயிட் டிக் செய்வது தவறு. அது உங்கள் பணம் அல்ல. அதற்குத் தொண்டு நிறுவனம் தரும் தாள் படிவம் இருக்கிறது. அதைக் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலக் கூடவே வைத்திருங்கள். கொடுப்பவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு, தொகை, தந்த தேதி, அவரே போட்ட டிக் எல்லாம் வேண்டும். கடை முகவரியோ அலுவலக முகவரியோ செல்லாது. ‘மாமா, 20 பவுண்டு’ என்று மட்டும் எழுதினால் அந்த 5 பவுண்டு போனதுதான்.

மட்டன் ரோல்ஸ் விற்றுத் திரட்டும் பணத்துக்கும், ராஃபிள் என்னும் பரிசுக் குலுக்கல் சீட்டுப் பணத்துக்கும் கிஃப்ட் எயிட் கிடையாது. கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றைப் பெற்றுவிட்டார். நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு அங்கேயே ராஃபிள் சீட்டு விற்பது எளிது. முன்கூட்டி வெளியாருக்கு விற்றால் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு தேவைப்படும். தெருவில் உண்டியல் குலுக்கவும் அனுமதி வேண்டும். கோயில் வளாகம், பள்ளி மண்டபம் என்றால் நிர்வாகத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத் தளங்கள் ஒவ்வொரு கொடையிலும் ஏறக்குறைய 2 விழுக்காடும், அதோடு 20 பென்ஸ் போல ஒரு நிலையான தொகையும் எடுக்கின்றன. 5 பவுண்டுக் கொடையில் இது 6 விழுக்காடு. 50 பவுண்டில் இரண்டரைக்கும் குறைவு. ஒரே வீட்டில் ஐந்து பேர் தனித்தனியாக ஐந்தைந்து போடுவதைவிட ஒருவர் 25 போடுவது நல்லது. தளத்துக்கு ‘அன்பளிப்பு’ என்று ஒரு பட்டை தானாகவே நகர்ந்து நிற்கும். அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கலாம் என்பதைக் கொடுப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: பணம் ஆய்வுக்கு மட்டும் போக வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் முன்பே கேளுங்கள். பெரிய அமைப்புகள் ஆய்வோடு நோயாளிகளுக்கான தகவல் சேவை, உயிர்காக்கும் சிபிஆர் பயிற்சி எல்லாம் நடத்துகின்றன. ஆய்வுக்கென்று குறிப்பிட்டுப் பெற்ற கொடையை ஆய்வுக்கே செலவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் உங்கள் பக்கத்தில் நீங்களாக ஒரு வரி எழுதிவிடாமல், தொண்டு நிறுவனத்தின் ஒப்புதலோடு அப்படிக் குறிப்பிடுங்கள்.

## தனியே ஓடுவது

நுழைவுச் செலவு இல்லை, பயணம் இல்லை, நாள் உங்கள் கையில். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், ஞாயிறு வேலைக்காரர்களுக்கும், கூட்டத்தில் ஓடத் தயங்குபவர்களுக்கும் ஏற்றது. தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ஓடினால் திரட்டலும் நன்றாக நடக்கும்.

குறைகள் இரண்டு. தேதி நழுவும், ‘அடுத்த வாரம்’ என்பது குளிர்காலம் வரை போகும். இரண்டாவது பாதுகாப்பு: வழியில் மருத்துவ உதவிக் குழு இருக்காது. தனியே ஓடினால் 3 கிலோமீட்டர் சுற்று ஒன்றை ஏழு முறை ஓடுங்கள், கடைசியில் 100 மீட்டர் சேருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் உங்களைப் பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டீஃபிப்ரிலேட்டர் பெட்டி அருகில் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

## ஓடாமல் கொடுப்பது

காலணிக்கு 110 பவுண்டு, நுழைவுக்கு 65, பயணத்துக்கு 40 என்று போட்டால் 215 ஆகிறது. கிரேட் நார்த் ரன் என்றால் அந்த வார இறுதியில் நியூகாசில் விடுதி வாடகையும் எகிறும். அந்த 215ஐ நேராகக் கொடுத்தால் கிஃப்ட் எயிட்டோடு ஏறக்குறைய 269 ஆய்வுக்குச் சேரும். ஆகவே உங்கள் வட்டத்திலிருந்து 250 பவுண்டுகூடத் தேறாது என்று தோன்றினால், பணத்தின் கோணத்தில் இதுவே சிறந்த வழி. ஓட ஆசை இருந்தால் தாராளமாக ஓடுங்கள், அதை உங்கள் மகிழ்ச்சிக்கென்று ஓடுங்கள்.

வேலையிடத்தில் பேரோல் கிவிங், அதாவது சம்பளத்திலிருந்தே கொடையைப் பிடித்து அனுப்பும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து போவதால், 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 10 பவுண்டுக் கொடை 8க்கே முடிகிறது. 40 விழுக்காட்டுக்காரருக்கு 6. மாதாமாதம் வரும் சிறு தொகை ஆய்வு நிறுவனத்துக்கு மிகவும் தேவைப்படுவது. ஓர் ஆய்வுக் குழுவுக்குப் பல ஆண்டுகளுக்கு உறுதி தர வேண்டியிருக்கிறது அல்லவா?

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | தொண்டு இடம் | சொந்த இடம் | தனி ஓட்டம் | நேரடிக் கொடை |
|---|---|---|---|---|
| கட்டாய இலக்கு | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| கொடையிலிருந்து கழிவது | இடத்தின் விலை, தளக் கட்டணம் | தளக் கட்டணம் | தளக் கட்டணம் | பெரிதாக இல்லை |
| காயம் பட்டால் | சிக்கல், தேதி முக்கியம் | நுழைவுக் கட்டணம் மட்டும் நட்டம் | தள்ளிப்போடலாம் | கவலை இல்லை |
| வழியில் மருத்துவ உதவி | உண்டு | உண்டு | நீங்களே ஏற்பாடு | பொருந்தாது |
| யாருக்கு | பெரிய வட்டம், உந்துதல் தேவைப்படுபவர் | நடுத்தர வட்டம், முதல் முறை | நேரமில்லாதவர், குழுவாக ஓடுபவர் | கேட்கக் கூச்சப்படுபவர் |

## எந்த வழியானாலும், பதிவுக்கு முன்

இதய ஆய்வுக்கு ஓடுபவர்களில் பலர், அப்பாவையோ அம்மாவையோ மாரடைப்பில் இழந்தவர்கள். அதாவது குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள். அவர்கள்தான் முதலில் குடும்ப மருத்துவரை (ஜிபி) பார்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், ஓடும்போது மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் பரிசோதனை கேளுங்கள். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுக்காரர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்எச்எஸ் உடல்நலப் பரிசோதனை இலவசம். 14 முதல் 35 வயதுக்காரர்களுக்குக் கார்டியாக் ரிஸ்க் இன் தி யங் அமைப்பு இதயப் பரிசோதனை முகாம்கள் நடத்துகிறது. தெற்காசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது என்று இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ‘25க்குள்தானே’ என்று இருந்துவிட வேண்டாம்.

பயப்படவும் வேண்டாம். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வில் 59 பேருக்கே இதயம் நின்றது. அரை மாரத்தானில் அந்த விகிதம், முழு மாரத்தானில் இருந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு எல்லைகள் பொருந்தாது. மருந்து துடிப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதை அளவாக வையுங்கள். காய்ச்சலோடு ஓடாதீர்கள், வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கலாம். வலி வருமுன் தடுக்கிறேன் என்று ஓட்டத்துக்கு முன் இபுபுரூஃபன் போடாதீர்கள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது கூடுதல் அடி.

பயிற்சி வாரம் மூன்று ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 7 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்று, ஒன்றரை கூட்டி, ஒவ்வொரு நான்காம் வாரமும் குறைத்து, 17 அல்லது 18 வரை போனால் போதும். நேர வரம்பையும் பாருங்கள்: மூன்று மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். கிரேட் நார்த் ரன்னில் கடைசியில் ஜான் ரீட் சாலை ஏற்றம் இருக்கிறது. மேட்டில் ஓடிப் பழகாதவர்கள் அங்கே நடக்கிறார்கள்.

ஓட்ட எண் தாள் கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பெயர், அவசரத் தொடர்பு, மருந்துகள், ஒவ்வாமை எழுத இடம் இருக்கும். ஈரத்தில் கலையாத பேனாவால் அன்றே நிரப்பிவிடுங்கள். உங்களால் ஓட முடியாமல் போனால் அந்தத் தாளை மச்சானிடமோ நண்பரிடமோ கொடுத்து ஓடவிடாதீர்கள். வழியில் அவர் விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் மருந்துகளை நம்பி அவருக்குச் சிகிச்சை செய்யும். வீட்டுக்கு வரும் தொலைபேசியும் தவறான வீட்டுக்கு வரும். பெயர் மாற்றும் வசதி அமைப்பாளரிடம் இருந்தால் கடைசித் தேதிக்குள் அந்த வழியில் மாற்றுங்கள், இல்லையென்றால் இடத்தை விட்டுவிடுங்கள். நிதிப்பக்கத்தைத் திறந்தே வைத்து, ஓட முடியாமல் போன காரணத்தை அதில் எழுதுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்களின் பணம் ஆய்வுக்குப் போய்ச் சேரும்.